குண்டில் பிறந்த மிருகம்: கொட்சிலாவின் 70 வருஷம்

2024 மார்ச் 10 ஆம் திகதி நடந்த ஒஸ்கார் விழாவில் ஒரு விசித்திரமான பொருத்தம் இருந்தது. அணுகுண்டைச் செய்த மனிதரைப் பற்றிய ‘ஒப்பன்ஹைமர்’ 7 விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. அதே மேடையில், அணுகுண்டின் நிழலில் பிறந்த மிருகத்தைப் பற்றிய ‘கொட்சிலா மைனஸ் வன்’ சிறந்த விசுவல் இஃபெக்ட்ஸ் விருதை வாங்கியது. இயக்குநர் தகாஷி யமசாகியும் அவருடைய ஆக்களும் கையில் கொட்சிலா பொம்மைகளோடு மேடை ஏறினார்கள். 70 வருஷத்தில் கொட்சிலாவுக்குக் கிடைத்த முதலாவது ஒஸ்கார் அது.

‘ஒப்பன்ஹைமர்’ படத்தில் ஹிரோஷிமாவைக் காட்டவே இல்லை. குண்டு விழுந்த செய்தி வானொலியில் வருகிறது, அவ்வளவுதான். கீழே இருந்த சனத்தின் கதையை அண்டைக்கு அந்த மேடைக்குக் கொண்டுவந்தது ஒரு ராட்சதப் பல்லிப் படம். பேய்ப்படம், மிருகப்படம், ஸோம்பிப்படம் எண்டு சொன்னால் ‘சும்மா பொழுதுபோக்கு’ எண்டு முகத்தைத் திருப்புகிறவை எங்கட பக்கத்தில் கனபேர். அவைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

‘மைனஸ் வன்’ 2024 ஜூனில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. ‘மொனார்க்: லெகசி ஒஃப் மொன்ஸ்டர்ஸ்’ எண்ட தொடர் 2023 நவம்பரிலேயே அப்பிள் டிவி பிளஸில் தொடங்கிவிட்டது. ரெண்டையும் நாங்கள் விழுந்து விழுந்து பார்த்தோம். ஆனால் ரெண்டுக்கும் நட்சத்திரம் போட்டுவிட்டு எழும்பிப் போக மனம் வரவில்லை. ஏனெண்டால் ரெண்டும் ஒரே மிருகத்தைப் பற்றி நேர் எதிரான ரெண்டு கதைகளைச் சொல்கின்றன. அது விளங்க வேணுமெண்டால் 1954க்குப் போக வேணும். (கதையின் முடிவுகளையும் சொல்லப்போகிறோம். பார்க்காதவை கவனம்.)

ஒரு மீன்பிடிப் படகு

1954 மார்ச் 1. பசிபிக் சமுத்திரத்தில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘காசில் பிராவோ’ எண்ட ஹைட்ரஜன் குண்டை வெடிக்க வைத்தது. 6 மெகாதொன் அளவுக்கு வெடிக்கும் எண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்தது 15 மெகாதொன். ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் கிட்டத்தட்ட 1000 மடங்கு.

தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானிய சூரைமீன் படகு நின்றது. பெயர் ‘தைகோ ஃபுக்குரியு மாரு’, அதாவது ‘அதிர்ஷ்ட நாகம் 5’. அதில் 23 பேர். வெள்ளைச் சாம்பல் மழைபோலக் கொட்டியது. ரெண்டு கிழமைக்குப் பிறகு அவர்கள் யைசு துறைமுகத்துக்குத் திரும்பியபோது உடம்பெல்லாம் எரிகாயம், தலைமுடி கொட்டுகிறது. படகின் வானொலி இயக்குநர் ஐக்கிச்சி குபோயாமா அந்த வருஷம் செப்டெம்பர் 23 ஆம் திகதி இறந்துபோனார். சந்தையில் மீன் வாங்கவே சனம் பயந்தது. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் வீட்டுப் பெண்கள் முன்னுக்கு நின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம் நாடு முழுக்கப் பரவி, அடுத்த வருஷம் ஓகஸ்டுக்குள் 3 கோடிக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்தது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான் தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமோயுக்கி தனாக்காவுக்கு ஒரு பிரச்சினை. இந்தோனேசியாவோடு சேர்ந்து எடுக்கவிருந்த படம் கைவிட்டுப்போனது. அந்த இடத்தை நிரப்ப அவசரமாக இன்னொரு படம் வேணும். ‘கிங் கொங்’ 1952இல் திரும்பவும் திரையிடப்பட்டு நல்லா ஓடியிருந்தது. அணுகுண்டுப் பரிசோதனையில் விழித்தெழும் மிருகம் எண்ட யோசனை 1953இல் வந்த ஒரு அமெரிக்கப் படத்திலும் இருந்தது. அந்த யோசனையையும் அந்தப் படகையும் தனாக்கா ஒண்டாகச் சேர்த்தார். கொரில்லாவையும், திமிங்கிலத்துக்கான ஜப்பானியச் சொல்லான ‘குஜிரா’வையும் ஒட்டி ‘கொஜிரா’ எண்டு பெயர் வைத்தார்கள்.

அந்தப் படத்தின் முதல் காட்சியைப் பாருங்கோ. கடலில் ஒரு படகு. தளத்தில் தொழிலாளர்கள் ஓய்வாக இருந்து வாத்தியம் வாசிக்கிறார்கள். திடீரெண்டு கடலுக்குள் இருந்து கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். படகு எரிந்து தாழ்கிறது. 1954 நவம்பர் 3 ஆம் திகதி தியேட்டரில் இருந்த ஒருவருக்கும் இது என்ன படகு எண்டு சொல்லிக்கொடுக்கத் தேவை இருந்திருக்காது.

எடுத்தவர்கள் யார்?

இயக்குநர் இஷிரோ ஹொண்டா ராணுவத்துக்குப் பலமுறை அழைக்கப்பட்டு, சீனாவில் பல வருஷங்களைக் கழித்தவர். போர்க்கைதியாக இருந்து 1946இல் வீடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அந்தப் பாழ்நிலம் அவரைவிட்டுப் போகவில்லை. கொட்சிலா நகரத்துக்குள் நடக்கும் காட்சிகளில் வீரதீரம் இல்லாமல் துக்கம் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆஸ்பத்திரித் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டவர்கள், கதிர்வீச்சுக் கருவி பிடித்துப் பார்க்கப்படும் ஒரு குழந்தை, கட்டடம் இடியப்போகும் நேரம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ‘அப்பாவிட்டப் போகப்போறம்’ எண்ட மாதிரிச் சொல்லும் ஒரு தாய். ரயிலில் போகும் ஒரு பெண் தான் நாகசாகியில் இருந்து தப்பி வந்ததைப் பற்றிச் சலித்துக்கொள்கிறாள். மிருகப்படத்தில் இப்படி ஒரு வரி வரும் எண்டு யார் எதிர்பார்ப்பது?

விசேட காட்சிகளைச் செய்த எய்ஜி சுபுராயாவின் கதை வேறு. 1942இல் வந்த ‘ஹவாயில் இருந்து மலாயாவரை’ எண்ட கடற்போர்ப் பிரசாரப் படத்துக்குப் பேர்ள் ஹார்பரைச் சிறிய உருவில் கட்டி, அதைத் தகர்த்துக் காட்டியவர் அவர்தான். பேரரசின் வெற்றியைக் காட்ட அவர் பழகிய கைவித்தை, 12 வருஷத்துக்குப் பிறகு பேரரசின் தலைநகர் எரிவதைக் காட்ட உதவியது.

சுபுராயாவுக்கு ‘கிங் கொங்’ மாதிரி, பொம்மையை ஒவ்வொரு சட்டமாக அசைத்து எடுக்கத்தான் ஆசை. அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. அதனால் ஹருவோ நகஜிமா எண்ட நடிகரைக் கிட்டத்தட்ட 100 கிலோ பாரமான உடுப்புக்குள் இறக்கினார்கள். உள்ளுக்குள் வெக்கை தாங்காமல் அவர் மயங்கி விழுந்திருக்கிறார். கமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்ததால், திரையில் அந்த நடை பாரமாகவும் மெதுவாகவும் தெரிந்தது. கர்ச்சனைக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே மிருகங்களின் சத்தத்தைத் தேடிப் போகவில்லை. கொன்ட்ராபாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் உரசினார்கள். இண்டைக்கு உலகம் முழுக்கச் சின்னப்பிள்ளைகளும் அடையாளம் காணும் சத்தம் அது.

கதையின் நடுவில் செரிசாவா எண்டு ஒரு இளம் விஞ்ஞானி. மிருகத்தைக் கொல்லக்கூடிய ஒரு ஆயுதம் அவரிடம் இருக்கிறது. ஆனால் ஒருக்காப் பாவித்தால் அரசாங்கங்கள் அதை விடமாட்டாது எண்டு அவருக்குத் தெரியும். கடைசியில் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, மிருகத்தோடு சேர்ந்து தானும் கடலுக்கடியில் செத்துப்போகிறார், தன் தலைக்குள் இருக்கும் அறிவும் மிஞ்சக்கூடாது எண்டு. இந்த செரிசாவாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, திரும்பி வருவார்.

படத்தை 96 இலட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள்.

ஏன் 1954?

போர் முடிந்த 1945இல் இருந்து அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஜப்பானியப் பத்திரிகைகளையும் சினிமாவையும் தணிக்கை செய்தது. அணுகுண்டு என்ன செய்தது எண்டு திறந்து கதைக்க ஏலாது. 1952 ஏப்ரல் 28 ஆம் திகதி ஆக்கிரமிப்பு முடிந்த பிறகுதான் வாய் திறக்க முடிந்தது. 7 வருஷம் அடக்கிவைத்த அழுகை எந்த உருவத்தில் வெளியே வரும் எண்டு யாராலும் சொல்ல முடியாது. ஒரு பகுதி 50 மீற்றர் உயர மிருகமாக வந்தது.

இந்த இடத்தில் எங்கட தீவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த ஆக்கிரமிப்பை முடித்துவைத்த சமாதான ஒப்பந்தத்துக்காக 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியபோது, இலங்கையின் நிதியமைச்சராகப் போனவர் ஜே. ஆர். ஜயவர்தன. பகை பகையால் தணியாது எண்ட புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது எண்டு அறிவித்தார். ஜப்பான் அதை மறக்கவில்லை. கமகுராவில் பெரிய புத்தர் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. 32 வருஷத்துக்குப் பிறகு, 1983 ஜூலையில், அவர் ஜனாதிபதியாக இருந்தபோது இங்கே என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த ஜூலைக்கு இங்கே யாரும் கல் நாட்டவில்லை.

நட்டஈடு கேட்க எங்களுக்குக் காரணம் இருந்ததோ? இருந்தது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய 6 விமானந்தாங்கிக் கப்பல்களில் 5 இங்கேயும் வந்தன. அவற்றின் விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ இப்பவும் மட்டக்களப்புக் கடலுக்கடியில் கிடக்கிறது.

மிருகம் எப்படி மாறியது

1956இல் அமெரிக்காவில் ‘கொட்சிலா, கிங் ஒஃப் த மொன்ஸ்டர்ஸ்!’ வந்தது. ரேமண்ட் பர் எண்ட நடிகரை அமெரிக்கப் பத்திரிகையாளராக இடையில் செருகி, 96 நிமிஷப் படத்தை 80 நிமிஷமாக வெட்டினார்கள். நாகசாகி வரி போனது. இப்படியே பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொட்சிலா வரும் எண்டு முதிய விஞ்ஞானி சொல்லும் கடைசி எச்சரிக்கையும் போனது. அதற்குப் பதிலாக, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் எண்ட மாதிரி முடித்தார்கள். மூலப்படம் வெட்டில்லாமல் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் பரவலாக வந்தது 2004இல்தான். அரை நூற்றாண்டாக வெளி உலகம் பார்த்தது வெட்டின கொட்சிலாவை.

ஜப்பானிலும் மிருகம் அப்படியே நிற்கவில்லை. 1962இல் கிங் கொங்கோடு கலரில் சண்டை. 1964இல் மூன்று தலை கிடோராவுக்கு எதிராக உலகத்தைக் காப்பாற்றும் பக்கம். 70களில் சின்னப்பிள்ளைகளின் நண்பன். இவற்றைப் பகிடி பண்ணுகிறவை பண்ணட்டும், எங்களுக்கு இவையும் பிடிக்கும். அதிலும் 1971இல் வந்த ‘ஹெடோரா’வைத் தவறவிடாதேங்கோ. தொழிற்சாலைக் கழிவையும் புகையையும் தின்று வளரும் சேற்றுமிருகம் அது. மினமாட்டா நோயாலும் நகரப் புகையாலும் ஜப்பான் மூச்சுத்திணறிய காலத்தின் படம். 1984இல் கொட்சிலா திரும்பவும் பயங்கரமாக வந்தபோது, அதைக் கொல்ல அணு ஆயுதம் பாவிப்போம் எண்டு அமெரிக்காவும் சோவியத்தும் நெருக்க, ஜப்பானியப் பிரதமர் மறுத்துவிடுவார்.

2011இல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா. 5 வருஷத்துக்குப் பிறகு ஹிதெயாக்கி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் ‘ஷின் கொட்சிலா’ எடுத்தார்கள். மிருகம் கரையேறி வரும்போது அமைச்சர்கள் கூட்டம் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதற்கு இன்னொரு கூட்டம். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு கோப்புகளுக்குப் பின்னால் அலைந்தவர்களைத் தெரிந்த எவருக்கும் அது பகிடியாக மட்டும் இருக்காது. கடைசியில் மிருகத்தைக் குண்டு போட்டுக் கொல்லவில்லை. பாரவண்டிகளின் குழாய்களால் வாய்க்குள் மருந்து ஊற்றி உறைய வைக்கிறார்கள், ஃபுகுஷிமா உலைகளுக்குத் தண்ணீர் அடித்த மாதிரி. அது நகரத்தின் நடுவில் உறைந்தபடியே நிற்கிறது. அதோடு வாழப் பழக வேணும்.

ஹொலிவூட் செய்த வேலை

இப்ப ‘மொனார்க்’ தொடருக்கு வருவோம். நல்ல தொடர். கேர்ட் ரஸ்ஸலும் அவருடைய மகன் வயட் ரஸ்ஸலும் ஒரே பாத்திரத்தை முதுமையிலும் இளமையிலும் நடித்திருக்கிறார்கள். மிருகம் வந்துபோன நகரத்தில் தப்பிப் பிழைத்த ஒரு இளம் ஆசிரியையாக அன்னா சவாய். அவள் திடுக்கிட்டு உறைந்துபோகும் இடங்கள் எங்களை உலுப்பின.

ஆனால் இந்தத் தொடர் நிற்கும் உலகத்துக்கு அத்திவாரம் போட்டது 2014இல் வந்த ஹொலிவூட் படம். அந்தப் படத்தில் ஒரு வசனம் வரும்: பசிபிக்கில் வெடித்தவை பரிசோதனைகளே இல்லையாம், கொட்சிலாவைக் கொல்ல எடுத்த முயற்சிகளாம். தொடரிலும் 1954 பிகினிக் குண்டு அப்படித்தான் வருகிறது. விளங்குதோ? 1954 படத்தில் குண்டு மிருகத்தை உண்டாக்கியது. 2014இல் மிருகம் குண்டுக்கு நியாயமாகிவிட்டது. அந்த 23 மீனவர்கள் கதையிலேயே இல்லை.

அதற்குமேல் 2019 படம். அதிலே செரிசாவா எண்ட பெயரிலேயே ஒரு விஞ்ஞானி, நடிப்பது கென் வதனபே. ஹிரோஷிமாவில் 8:15க்கு நின்றுபோன அப்பாவின் கடிகாரத்தை வைத்திருப்பவர். அவர் அணுகுண்டு ஒண்டைக் கொண்டுபோய், காயப்பட்ட கொட்சிலாவுக்குப் பக்கத்தில் வெடிக்க வைத்து உயிர் கொடுக்கிறார். பழைய செரிசாவா ஒரு பேரழிவு ஆயுதம் உலகத்தின் கைக்குப் போகக்கூடாது எண்டு செத்தார். புதிய செரிசாவா அணுகுண்டை மருந்தாக்கிச் சாகிறார். தியேட்டரில் கைதட்டல் விழக்கூடிய காட்சிதான், நல்லா எடுத்திருக்கிறார்கள். ஆனால் எதைத் தட்டுகிறோம் எண்டு யோசிக்கத்தான் வேணும்.

மைனஸ் வன்: நல்லதும் விடுபட்டதும்

யமசாகியின் படம் மிருகத்தைத் திரும்ப 1945க்கும் 1947க்கும் கொண்டுபோகிறது. நாயகன் ஷிகிஷிமா, தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டு, விமானம் பழுது எண்டு பொய் சொல்லித் தரையிறங்கியவன். சாகாமல் வந்ததற்காகப் பக்கத்து வீட்டுப் பெண் அவனை ஏசுகிறாள், அவளுடைய பிள்ளைகள் குண்டுவீச்சில் செத்துவிட்டார்கள். பிறகு அதே பெண்தான் அவன் வீட்டுக் குழந்தைக்கு அரிசி கொண்டுவந்து கொடுக்கிறாள். போர் முடிந்தும் முடியாத வீடு எப்படி இருக்கும் எண்டு இந்தப் படத்துக்குத் தெரியும். கின்சா வீதியைக் கொட்சிலா அழித்த பிறகு கறுப்பு மழை பெய்யும்போது அவன் போடும் கத்தலைக் கேட்டு எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

35 கலைஞர்கள், 610 விசேட காட்சிகள். ஹொலிவூட் மிருகப் படங்களின் செலவில் ஒரு சின்னப் பங்குதான் இந்தப் படத்துக்கு. படத்தின் முடிவோ அதைவிடத் துணிச்சல். முன்னாள் கடற்படை ஆக்கள் திட்டம் போடும்போது, இந்தமுறை யாரும் சாகக்கூடாது எண்டு முடிவெடுக்கிறார்கள். வெளியேறும் இருக்கைகூடப் பொருத்தாமல் விமானங்களில் பெடியளை அனுப்பிய அரசை நேரடியாகக் குற்றம் சாட்டுகிறார்கள். ஷிகிஷிமாவின் விமானத்தில் அந்த இருக்கை இருக்கிறது. அவன் உயிரோடு திரும்புகிறான். சாவைப் புகழாமல், உயிரோடு திரும்பி வந்தவனைக் கொண்டாடும் போர்ப்படம் எத்தனை இருக்கு? இதே யமசாகி 2013இல் எடுத்த ‘எட்டேர்னல் ஸீரோ’ தற்கொலை விமானிகளை அழகாக்கிக் காட்டியது எண்டு கடும் விமர்சனம் வாங்கியது. 10 வருஷத்தில் அவர் நடந்த தூரம் சின்னதில்லை.

ஆனாலும் ஒரு வெற்றிடம். இந்தப் படத்தில் ஜப்பானியர்கள் தங்கள் அரசால் ஏமாற்றப்பட்டவர்கள், அது உண்மை. அந்த அரசின் படைகள் மற்ற நாடுகளில் செய்தது ஒரு வசனத்தில்கூட இல்லை. மலாயாத் தோட்டங்களில் இருந்து சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுச் செத்த பல்லாயிரக்கணக்கான தமிழர்களின் நினைவு எங்கட ஆக்களின் குடும்பங்களிலும் இருக்கிறது. தன் செத்தவர்களுக்காக அழும் படம், தான் கொன்றவர்களை நினைக்க மறந்துபோகிறது. இதைச் சொல்வதால் படத்தில் எங்களுக்குள்ள பிரியம் குறையவில்லை. பிரியம் இருப்பதால்தான் கேட்கிறோம். எல்லாப் பக்கமும் தன் காயத்தை மட்டும் காட்டும் கதைகளுக்குள் வளர்ந்த எங்களுக்கு இந்த மறதி நல்லாப் பழக்கப்பட்டது.

பார்க்கத் தொடங்குகிறவைக்கு எங்கட வரிசை இது: முதலில் 1954 மூலப்படம், ஜப்பானிய மொழியிலேயே, வெட்டில்லாதது. கறுப்பு வெள்ளை எண்டு பின்வாங்க வேண்டாம். பிறகு ‘ஷின் கொட்சிலா’. பிறகு ‘மைனஸ் வன்’. அதற்குப் பிறகு 2014, 2019 படங்களையும் ‘மொனார்க்’ தொடரையும் தாராளமாகப் பாருங்கோ, பொப்கோர்னோடு பாருங்கோ, கிடோரா வரும்போது விசிலும் அடியுங்கோ. பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் பக்கத்தில் வைத்திருங்கோ: இந்தக் கதையில் குண்டை யார் போட்டது, படகில் யார் இருந்தது?